ஆற்றில் வளர்ந்த பிள்ளைக்கு எந்த ஊர்?

கேள்வி: ஐயா, நான் விக்கிரமசிங்கபுரத்தில் பள்ளி ஆசிரியை. என் மகள் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. ஏழு வயதில் அவள் தாத்தா தாமிரபரணி ஆற்றில் நீச்சல் பழக்கிவிட்டார். அன்றிலிருந்து ஆறும் மலையும்தான் அவளுக்கு உலகம். தண்ணீர் சம்பந்தமான படிப்புதான் படிப்பேன், படிக்கிற ஊரில் மலையேறவும் முக்குளிக்கவும் படகு விடவும் வழி இருக்க வேண்டும் என்கிறாள். தூத்துக்குடியா, கொச்சியா, சிதம்பரம் பக்கமா என்று குழப்பம். டெக்சாஸில் இருக்கும் என் தம்பி, அங்கே சான் மார்க்கஸ் என்ற ஊருக்கு அனுப்பச் சொல்கிறான். அவள் அப்பாவோ, “மீனப் படிக்கதுக்கு எதுக்குட்டி காலேஜு? வள்ளத்துல ஏத்திவிட்டாப் பத்தாதா?” என்று அவளைக் கேலி செய்கிறார். கண்ணில் வேறு மைனஸ் நாலு பவர். முக்குளிக்க அது தடையா? எந்த ஊருக்கு அனுப்பலாம்?

டீச்சருக்கு வணக்கம்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். நான் மீன்வளம் படிக்கப் போன அன்று என் அப்பாவும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார். முப்பது வருடம் அதே பாடத்தை நடத்தி ஓய்வு பெற்ற பிறகு சொல்கிறேன், அந்தக் கேலியில் பாதி நியாயம் உண்டு. வள்ளத்தில் ஏறாமலே மீன்வளப் பட்டம் வாங்கிவிட்டு வருகிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புத்தகத்தில் இருக்கிற மீன் அவர்களுக்குத் தெரியும், ஏலக்கூடையில் கிடக்கிற மீன் தெரியாது. அதனால் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது கல்லூரியின் பெயரையோ கட்டடத்தையோ பார்ப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இங்கே படிக்கிற பிள்ளை வாரத்தில் எத்தனை தடவை தண்ணீரில் கால் நனைக்கும்?

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதுகலைக்கு நான் போன இடத்தில் வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் கடல். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். போய்ப் பார்த்தால் துறையின் படகு என்ஜின் பழுதாகி ஷெட்டில் கிடந்தது, சரிசெய்ய எழுதிய கோப்பு மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு வருடத்தில் நான்கே முறைதான் கடலுக்குப் போனேன், அதில் இரண்டு முறை மீனவர் ஒருவர் பாவப்பட்டு ஏற்றிக்கொண்டு போனது. ஜன்னல் வழியாகக் கடல் பார்க்க முதுகலை வேண்டியதில்லை.

சரி, படிப்புக்கு வருவோம். ‘தண்ணீர் சம்பந்தமான படிப்பு’ என்று பாப்பா சொல்வதற்குள் மூன்று வெவ்வேறு படிப்புகள் இருக்கின்றன. மீன்வள அறிவியல் ஒன்று, கடல் உயிரியல் ஒன்று, ஆறு குளம் ஏரிகளைப் பற்றிய நன்னீர்ச் சூழலியல் ஒன்று. வெளியிலிருந்து பார்க்க மூன்றும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே போனால் வேலையும் வேறு, வாசனையும் வேறு. மீன்வளம் என்பது தொழில் படிப்பு. குஞ்சுப் பொரிப்பகம், இறால் பண்ணை, தீவனம், நோய், வலை, பதப்படுத்துதல், ஏற்றுமதி என்று போகும். பவளப்பாறையும் கடல்பசுவும் பார்க்கலாம் என்று ஆசையோடு வந்த பிள்ளை இரண்டாம் வருடம் இறாலின் செவுளை நுண்ணோக்கியில் வைத்துக்கொண்டு முழிக்கும். அந்த முழியை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். இதை முதலிலேயே பாப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.

இது தெரிந்தும் சம்மதம் என்றால் தூத்துக்குடிதான் என் முதல் பதில். அங்குள்ள மீன்வளக் கல்லூரி 1977ல் தொடங்கியது. இப்போது நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. பி.எப்.எஸ்சி. என்கிற மீன்வள அறிவியல் இளங்கலை நான்கு வருடம், நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு. பொன்னேரியிலும் இதே பல்கலைக்கழகத்தின் கல்லூரி உண்டு. ஆனால் உங்கள் மகளுக்கு நான் தூத்துக்குடியைச் சொல்வதற்குக் காரணம் கல்லூரி மட்டும் இல்லை, ஊர்.

பாப்பாவைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் ராத்திரி எட்டரை மணிக்குத் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்குப் போங்கள். அங்கே விசைப்படகுகள் காலை ஐந்து மணிக்குக் கிளம்பி ராத்திரி ஒன்பதுக்குள் கரை திரும்ப வேண்டும் என்பது நடைமுறை. ஒன்று பின் ஒன்றாகப் படகுகள் அணையும். ஐஸ் உடைக்கிற சத்தம், ஏலக்காரர் குரல், காலுக்கடியில் வழுக்குகிற செதில். சென்னைக்காரர் வஞ்சிரம் என்பதை இங்கே சீலா என்பார்கள், கொச்சிக்குப் போனால் அதுவே நெய்மீன். கூடையின் அடியில் விலைபோகாத பொடிமீனும் நண்டும் நட்சத்திர மீனும் குவிந்து கிடக்கும். கழிவு என்று ஒதுக்கும் அந்தக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கையில் எடுத்துத் துடுப்பு முள் எண்ணத் தோன்றுகிறதா, இல்லை மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடத் தோன்றுகிறதா என்று பாருங்கள். அரைமணி நேரம் போதும். எந்தக் கவுன்சிலிங்கும் தராத பதில் அங்கே கிடைத்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மட்டும் போகாதீர்கள். கிழக்குக் கடற்கரையில் அந்த 61 நாளும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும்.

ஊருக்கு எதிரே மன்னார் வளைகுடா. தூத்துக்குடியிலிருந்து பாம்பன் வரை 21 தீவுகள், 1986ல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சங்கு குளிக்கிறவர்களும் முத்துக் குளித்தவர்களின் பேரன்களும் வாழ்கிற ஊர் அது. பக்கத்து வேப்பலோடையில்தான் 1973ல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளைவித்துக் காட்டினார்கள். அந்த நிறுவனத்தின் நிலையம் இன்றும் ஊரில் இருக்கிறது. பவளப்பாறை ஆய்வுக்கென்றே ஒரு தனியார் ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு. கல்லூரியில் கிடைக்காதது மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறொரு வாசலில் கிடைக்கும். படிக்கிற ஊர் என்றால் எனக்கு இதுதான் அர்த்தம். குறை என்று சொன்னால் மே மாத வெயில், உப்புக் காற்று, அப்புறம் மழை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதும் தூத்துக்குடித் தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்ததும் உங்களுக்கே தெரியும். விடுதியில் தரைத்தளத்து அறை வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள்.

துறைமுகத்தில் மூக்கைப் பொத்தினாள் என்றால் கவலைப்பட ஒன்றுமில்லை. அவளுக்குப் பிடித்தது மீன் தொழில் இல்லை, ஆறு என்று அர்த்தம். அப்படியானால் பக்கத்திலேயே பி.எஸ்சி. விலங்கியல் போதும். பாளையங்கோட்டையில் படிக்கலாம். ‘இவ்வளவு மார்க் வாங்கிட்டு விலங்கியலா?’ என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கேட்கட்டும். இந்திய வனப் பணித் தேர்வு எழுதத் தகுதியான பாடங்களில் விலங்கியலும் ஒன்று. மேற்படிப்புக்கு ஆழ்வார்குறிச்சியிலேயே மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் பரமகல்யாணி சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. உங்கள் வீட்டிலிருந்து டவுன் பஸ் தூரம். மணிமுத்தாறில் ஏட்ரீ என்ற சூழலியல் ஆராய்ச்சி அமைப்பின் மையம் இருக்கிறது. 2011லிருந்து வருடா வருடம் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், யார் வேண்டுமானாலும் தன்னார்வலராகச் சேரலாம். பாப்பா இதுவரை போனதில்லை என்றால் வருகிற ஜனவரியில் அனுப்புங்கள். விடியற்காலை குளத்தங்கரையில் பைனாகுலரோடு நின்று ஆயிரம் நீர்க்காகத்தை எண்ணிப் பார்த்தால் ஆர்வமா, ஆசையா என்பது தெரிந்துவிடும்.

ஆற்றைப் பற்றி ஒரு சங்கதி சொல்லிவிட்டு மற்ற ஊர்களுக்குப் போகிறேன். நம் தாமிரபரணியின் பெயரையே அறிவியல் பெயரில் சுமக்கிற ஒரு சின்னக் கெண்டை இருக்கிறது, டாக்கின்சியா தாம்பிரபர்ணியே. பின்னாளில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு இயக்குநராக இருந்த ஈ.ஜி. சைலஸ் 1954ல் விவரித்துப் பெயரிட்டது. ஆண்மீனுக்கு முதுகுத் துடுப்பிலிருந்து இழை இழையாக நூல் நீளும். தாமிரபரணியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் அதற்கு வீடு இல்லை. பாப்பா குளிக்கிற தண்ணீரில்தான் அது ஓடுகிறது. இன்னொன்று விலாங்கு. ஆற்றில் வளர்ந்து முட்டையிடக் கடலுக்குப் போகிற மீன். உங்கள் ஊருக்கும் புன்னைக்காயல் கழிமுகத்துக்கும் நடுவில் ஸ்ரீவைகுண்டம் வரை வரிசையாக அணைக்கட்டுகள். அதைத் தாண்டி விலாங்கு எப்படிப் போகிறது, எத்தனை போகிறது, திரும்பி வருகிற குஞ்சு எந்த அணைக்கட்டில் நின்றுபோகிறது? இதை நம் ஊர்ப் பிள்ளை ஒருத்தி உட்கார்ந்து ஆராய்ந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் கிடையாது. மலையடிவாரத்தில் பிறந்து தூத்துக்குடியில் படிக்கிறவளுக்கு ஆற்றின் இரண்டு முனையும் கைக்குள் இருக்கும். கொச்சியில் படித்தால் இது கிடைக்காது.

சிதம்பரம் பக்கம் என்று நீங்கள் சொல்வது பரங்கிப்பேட்டையாக இருக்க வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கே வெள்ளாற்று முகத்துவாரத்தில் இருக்கிறது. 1960களிலிருந்து பெயர் பெற்ற இடம், ஆனால் அது முதுகலைக்குப் போக வேண்டிய ஊர். போனால் விடமாட்டாள். காலையில் ஓதம் ஏறும்போது ஒரு பாட்டில், வடியும்போது ஒரு பாட்டில் என்று ஒரே இடத்தில் தண்ணீர் எடுத்தால் இரண்டுக்கும் உப்பு வேறு, உள்ளே மிதக்கிற உயிரும் வேறு. மெல்லிய துணிவலையைப் படகுக்குப் பின்னால் பத்து நிமிடம் இழுத்து, நுனியில் தேங்கியதை ஒரு சொட்டு கண்ணாடித் தகட்டில் விட்டுப் பார்த்தால் நண்டின் குஞ்சு கொம்பு முளைத்த பிசாசு மாதிரி துள்ளும். அது வளர்ந்து நண்டாகும் என்று சத்தியம் செய்தாலும் உங்கள் வீட்டுக்காரர் நம்பமாட்டார். பக்கத்திலேயே பிச்சாவரம் அலையாத்திக் காடு, துடுப்புப் படகில் சுரபுன்னை வேருக்கு நடுவே போகலாம். சின்ன ஊர், சத்தமில்லாத ஊர். பதினேழு வயதில் சலிக்கும், இருபத்தொன்றில் பிடிக்கும்.

கொச்சி பெரிய இடம்தான், மறுக்கவில்லை. கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம், மீன் தொழில்நுட்ப நிறுவனம், கொச்சிப் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் பள்ளி, பனங்காட்டில் கேரள மீன்வளப் பல்கலைக்கழகம் எல்லாம் ஒரே ஊரில். பாலருவி எக்ஸ்பிரஸ் அம்பாசமுத்திரத்தில் நின்று செங்கோட்டை, கொல்லம் வழியாக எர்ணாகுளம் போகிறது என்பதால் பிரயாணமும் சிரமமில்லை. ஆனால் பிற மாநிலப் பிள்ளைக்கு இளங்கலை இடம் குறைவு, செலவு அதிகம். இரண்டாம் பட்டத்துக்கோ ஆராய்ச்சிக்கோ வைத்துக்கொள்ளுங்கள்.

சான் மார்க்கஸ் விஷயத்தில் உங்கள் தம்பி தப்பாகச் சொல்லவில்லை. பாப்பா மாதிரிப் பிள்ளைக்கென்றே செய்து வைத்த ஊர் அது. ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் நடுவில், சுண்ணாம்புப் பாறைக்கு அடியிலிருந்து நூற்றுக்கணக்கான ஊற்றுகள் பொங்கி ஒரு ஏரியாகி, அங்கிருந்தே ஆறாகக் கிளம்புகிறது. கோடையோ குளிரோ, தண்ணீர் ஏறக்குறைய 22 டிகிரிதான். அந்த ஊற்றுக்கண் டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தை ஒட்டியே இருக்கிறது. முன்பு அங்கே கேளிக்கைப் பூங்கா நடந்தது, 1994ல் பல்கலைக்கழகம் வாங்கி ஆய்வுக்கும் கல்விக்கும் திருப்பிவிட்டது. பூங்காக் காலத்துக் கண்ணாடி அடித்தளப் படகில் இன்றும் ஊற்று பொங்குவதைக் குனிந்து பார்க்கலாம். அந்த ஆற்றில் மட்டுமே வளர்கிற ஒரு காட்டு நெல் உண்டு. பூமிக்கடியில் ஓடும் தண்ணீரில் பார்வையே இல்லாத சாலமாண்டர் உண்டு, பல்லி மாதிரி இருந்தாலும் தவளைக்குச் சொந்தம். பிள்ளைகள் வகுப்பு முடிந்ததும் டயர் டியூபில் உட்கார்ந்து ஆற்றோடு மிதந்து போவார்கள். நம் குறுக்குத்துறையில் பையன்கள் லாரி டியூபைப் போட்டு மிதப்பதை நாம் திட்டுவோம், அங்கே அது ஊரின் அடையாளம்.

இருந்தாலும் இளங்கலைக்கு அனுப்ப வேண்டாம் என்பேன். வெளிநாட்டுப் பிள்ளைக்கு நான்கு வருடச் செலவு ஒரு ஆசிரியர் சம்பளத்தில் தாங்காது, நிலத்தை விற்க வேண்டி வரும். நீர்வளத்தில் முதுகலையும் முனைவர் பட்டமும் அங்கே உண்டு. அந்தக் கட்டத்தில் ஆய்வு உதவியாளர் வேலை கிடைத்தால் கட்டணச் சுமை குறையும். நான்கு வருடம் தாமிரபரணியைப் படித்துவிட்டுப் போகிறவளுக்குத்தான் அங்கே விண்ணப்பத்தில் எழுத ஏதாவது இருக்கும். தம்பியிடம் ஐந்து வருடம் பொறுக்கச் சொல்லுங்கள்.

இனி மலையும் படகும். இதற்கென்று பட்டம் தேடி அலைய வேண்டாம். ‘அட்வென்சர்’ என்று விளம்பரம் செய்கிற தனியார் படிப்புகளில் பெரும்பாலானவை சுற்றுலா நிர்வாகத்துக்குப் புதுச்சட்டை போட்டவை. இது கைத்திறன் சம்பந்தப்பட்டது. பட்டம் ஒரு பக்கம் ஓடட்டும், விடுமுறையில் சான்றிதழ் ஒன்றொன்றாக வாங்கட்டும். உத்தரகாசியில் 1965ல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம் இருக்கிறது. அடிப்படைப் பயிற்சி 28 நாள், அரசு நிறுவனம் என்பதால் செலவும் கட்டுக்குள் இருக்கும். கயிறு, பனி, பாறை மூன்றும் பழகிவிடும். கோவாவில் மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இருக்கிறது. படகு ஓட்டவும் மூழ்குகிறவரைக் காப்பாற்றவும் அங்கே கற்றுக்கொள்ளலாம். இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் உயிர்காக்கும் பயிற்சியை முதலில் முடிக்கச் சொல்லுவேன். பாபநாசத்துப் படித்துறையில் ஆடி அமாவாசைக் கூட்டத்தைப் பார்த்த உங்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

நம் மலையைப் பற்றியும் ஒன்று. களக்காடு முண்டந்துறை 1988லிருந்து புலிகள் காப்பகம். நினைத்த நேரத்தில் ஏறுகிற மலை இல்லை அது. ‘எங்க மலைதானே’ என்று தோழிகளோடு கிளம்பினால் அபராதத்தோடு திரும்ப வேண்டியிருக்கும். அகத்தியமலை உச்சிக்குப் போக ஆசையென்றால் கேரளப் பக்கம் போனக்காட்டிலிருந்து, ஜனவரி வாக்கில் அவர்கள் வனத்துறை அனுமதி தருகிற சில வாரங்களில் முன்பதிவு செய்துதான் போக வேண்டும். தமிழ்நாடு வனத்துறையும் 2024 அக்டோபரில் 40 மலைத்தடங்களைப் பதிவு முறையில் திறந்திருக்கிறது. வனத்தை ஒட்டி வாழும் இளைஞர்களையே வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து அனுப்புகிறார்கள். அவர்களோடு ஒருதரம் நடந்து பார்க்கட்டும். நாலு புத்தகம் சொல்லாததைக் காலடித் தடத்தைக் காட்டிச் சொல்லிவிடுவார்கள்.

பெண்பிள்ளை கடலுக்குப் போவதா என்று வீட்டில் அடுத்த கேள்வி வரும், தெரியும். பாம்பன் தீவுப் பக்கம் சின்னப்பாலத்துப் பெண்கள் தலைமுறையாகக் கடலில் முங்கிப் பாசி எடுத்துத்தான் குடும்பம் நடத்துகிறார்கள். புடவைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, விரலில் துணிச்சுற்று, காலில் செருப்பு. ஆக்சிஜன் சிலிண்டர் எதுவும் கிடையாது. மீன்வளக் கல்லூரி வகுப்புகளிலும் பெண்பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வீட்டுக்காரரை அந்தத் துறைமுகப் பயணத்துக்குக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். திரும்பும்போது சீலா வாங்கி வரலாம் என்று சொன்னால் வருவார்.

கடைசியாகக் கண். மைனஸ் நாலு ஒரு தடையே இல்லை. முக்குளிக்கிற முகக்கண்ணாடியிலேயே பவர் லென்ஸ் பொருத்தித் தருகிறார்கள். தண்ணீருக்கடியில் எல்லாம் கொஞ்சம் கிட்டத்தில், கொஞ்சம் பெரிதாகத் தெரியும் என்பதால் அரைப் பவர் குறைவாக இருந்தாலும் சமாளித்துவிடலாம். ஆற்றிலோ குளத்திலோ கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு இறங்கவே கூடாது, கருவிழியில் கிருமி ஒட்டினால் பார்வைக்கே ஆபத்து. நான் கண்ணைவிடக் காதைத்தான் விசாரிப்பேன். பத்து மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிக் காதுக்குள் காற்றைச் சமன் செய்துகொண்டே இறங்க வேண்டும். சிறு வயதில் காதில் சீழ் வடிந்திருந்தாலோ, அடிக்கடி சைனஸ் தொந்தரவு இருந்தாலோ பயிற்சியில் சேர்வதற்கு முன்னால் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் சளி பிடித்திருக்கிற நாளில் மட்டும் இறங்க வேண்டாம்.